கொளஞ்சி ஸ்பெஷல்

சிதம்பரம் கடைக்குப் போகிற மசாலாப் பொடி மாதாமாதம் குறைந்துகொண்டே வந்ததை முதலில் கவனித்தவள் இசைவாணிதான். கூட்டமோ ஏறிக்கொண்டே போகிறது என்று அவள் தம்பி கதிரவன் போனில் பெருமையடிக்கிறான். வாசலில் ஆட்கள் டோக்கன் வாங்கிக் காத்து நிற்கிற வீடியோவை அனுப்புகிறான். ஆள் கூடினால் பொடியும் கூடத்தானே வேண்டும்? மஞ்சக்குப்பத்து வீட்டில் வறுத்த மல்லியை முறத்தில் ஆறப்போட்டபடி அவள் புருஷனிடம் கேட்டாள்.

"எம் பொடி இல்லாம எதப் போட்டு ஆக்குறான் அவன்?"

செம்பியனுக்கும் அது கொஞ்ச நாளாக உறுத்தியது. முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்டு வீட்டோடு கிடந்ததில் அவரால் சிதம்பரம் பக்கம் போக முடியவில்லை. இப்போது கம்பு இல்லாமல் நடக்க முடிகிறது. "நாளைக்குப் போய்ப் பாத்துட்டு வந்துடறேன்" என்றார்.

ராணுவத்தில் காலாட்படையில் இருந்து ஹவில்தாராக வெளியே வந்தவர் அவர். முதலில் பெரும்பாலும் எல்லையில், கடைசிச் சில வருஷங்கள் யூனிட்டின் சமையல்கூடத்தை மேற்பார்க்கிற வேலையில். ஊருக்கு வந்ததும் எல்லோரும் செக்யூரிட்டி வேலைக்குப் போகச் சொன்னார்கள். ஏதோ ஒரு பேங்க் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் கதவு திறந்துவிட அவருக்கு மனம் ஒப்பவில்லை. இசைவாணியின் கைப்பக்குவத்தை நம்பி மஞ்சக்குப்பத்தில் ஒரு சின்னக் கடை போட்டார். பெயர்கூட வைக்கவில்லை. கலெக்டர் ஆபீஸுக்கு வந்துபோகிறவர்கள்தான் 'ஹவில்தார் மெஸ்' என்று சொல்லிச் சொல்லி அதையே பெயராக்கினார்கள். நேற்று மிஞ்சியது இன்றைக்கு இலைக்கு வரக் கூடாது, ஒருமுறை பொரித்த எண்ணெய் மறுநாள் அடுப்பில் ஏறக் கூடாது. இந்த இரண்டும்தான் அவர் வைத்த சட்டம். அதை மீறினால் சொந்தப் பெண்டாட்டியானாலும் அவர் குரல் உயரும்.

அவருக்கு ஆசையும் இருந்தது, இல்லாமல் இல்லை. விருத்தாசலம், பண்ருட்டி, திட்டக்குடி என்று ஊருக்கு ஒரு கிளை. எல்லாவற்றையும் சொந்தபந்தமே நடத்த வேண்டும், எல்லா அடுப்பிலும் இசைவாணியின் பொடியே போக வேண்டும். சென்னையில் விளம்பரக் கம்பெனியில் இருந்த கதிரவன் வேலையை விட்டுவிட்டு வந்து, "மாமா, இது கடை இல்ல, பிராண்டு. மொதல் கிளைய என் கையில குடுங்க" என்று கேட்டபோது அவருக்கு உள்ளுக்குள் குளிர்ந்துதான் போயிற்று. சிதம்பரத்தில் வீடெடுத்துத் தங்கி, சமையல் ஆட்களுக்கு அரிசி களைவதிலிருந்து தானே சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலை பஸ் ஏறினார். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நிமிர்ந்ததும் தன் முகத்தையே பார்த்தார்.

ஒரு கட்டடத்தின் உயரத்துக்கு ஃபிளெக்ஸ். முகம் மட்டும்தான் அவருடையது. கழுத்துக்குக் கீழே யாரோ ஒரு பயில்வானின் மார்பு. அதன்மேல் அவர் வாங்காத பதக்கங்கள் வரிசையாக. ஒரு கையில் எந்திரத் துப்பாக்கி, இன்னொரு கையில் ஆவி பறக்கும் பிரியாணித் தட்டு. பின்னால் பனிமலை எரிந்துகொண்டிருந்தது. 'எல்லையைக் காத்தவர் உங்கள் பசியைக் காக்கிறார்' என்று எழுதியிருந்தது. ஆட்டோ ஸ்டாண்டில் இருந்த ஒருவர் ஃபிளெக்ஸையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார். செம்பியன் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தார். தெரு நடுவில் வேட்டி அவிழ்ந்தவனைப்போல உடம்பு கூசியது.

கடைக்கு முன்வாசலால் போகப் பிடிக்காமல் பின்சந்துக்குள் நுழைந்தார். சாக்கடையின் வாடையைத் தாண்டி இன்னொரு வாடை வந்தது. கெட்ட இறைச்சியின் வாடை அவருக்குத் தெரியும். எத்தனை பட்டையும் கிராம்பும் போட்டாலும் அது அடியில் இனிப்பாக நிற்கும்.

சமையல்கட்டின் தரை காலில் ஒட்டியது. அடுப்பில் இருந்த எண்ணெய் கறுத்து, தாரைப்போல நுரைத்துக்கொண்டிருந்தது. மூலையில் இருந்த பெரிய ஃப்ரீசரைத் திறந்தார். பாலிதீன் பைகளில் சமைத்த கோழித் துண்டுகள், பழைய குழம்போடு உறைந்து கிடந்தன. ஒரு பை கிழிந்து கசிந்து, பச்சைக் கறியின்மேல் வழிந்து காய்ந்திருந்தது. அலமாரியில் இசைவாணியின் பொடி டப்பாக்கள் சீல் உடைக்காமல் அப்படியே இருந்தன. அவற்றின்மேல் கரப்பான் ஓடியது. பக்கத்தில், பெயரில்லாத சிவப்புப் பொடி மூட்டையாக.

சமையல்காரர் சபாபதி கரண்டியும் கையுமாகத் திரும்பிப் பார்த்து வெலவெலத்துப் போனார். செம்பியன் பயிற்சி கொடுத்த ஆட்களில் ஒருவர்.

"இன்னா சபாபதி இது?"

"சார்... நான் சொன்னேன் சார். மிஞ்சுனத மொதல்ல தள்ளு, அப்புறம் புதுசு ஆக்கலாம்னு ஓனர் சொல்லிட்டாரு."

"இத ஒம் புள்ளைங்களுக்குப் போடுவியா?"

சபாபதி கரண்டியைக் கீழே வைத்தார். அந்த நேரம் முன்பக்கத்திலிருந்து ஒரு சர்வரின் குரல் வந்தது.

"நாலாம் டேபிளுக்கு ரெண்டு கொளஞ்சி! ஒரு கொளஞ்சி ஹாஃப், லெக் பீஸ் ஜாஸ்தி!"

செம்பியனுக்கு முதலில் புரியவில்லை. குரல் மறுபடி வந்தது. "கொளஞ்சி ஹாஃப் என்னாச்சு மாஸ்டர்?"

அவர் திரையை விலக்கிக்கொண்டு முன்னால் போனார். சுவர் முழுக்கக் கண்ணாடிச் சட்டத்தில் படங்கள். நடுவில், மாலையும் சீரியல் பல்புமாக, கொளஞ்சியின் படம். கீழே எரிகிற எழுத்தில்: 'தியாகி கொளஞ்சி ஸ்பெஷல் பிரியாணி. ஃபுல், ஹாஃப்.'

கொளஞ்சி திட்டக்குடிக்காரன். பட்டாளத்தில் செம்பியனின் செக்‌ஷனில் இருந்தவன். ரோந்து போகும்போது அவருக்கு முன்னால் நடந்தான். கண்ணிவெடியை மிதித்தான். புகை அடங்கிய பிறகு கம்பளியை விரித்து, கிடைத்ததையெல்லாம் பொறுக்கி வைத்தவர் செம்பியன். ஊருக்குப் போன பெட்டியை யாரும் திறக்கக் கூடாது என்று உத்தரவு. திறந்தாலும் உள்ளே உடல் முழுசாக இல்லை. இதையெல்லாம் அவர் வீட்டில்கூடச் சொன்னதில்லை. ஒருமுறை, ஒரே ஒருமுறை, மச்சான் வற்புறுத்திக் கேட்டான் என்று சொன்னார். அன்றைக்குக் கதிரவன் கண் கலங்கினான். இவனுக்கு மனசு இருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அந்தக் கதிரவன் கல்லாவிலிருந்து ஓடிவந்தான். "மாமா! சொல்லியிருந்தா கார் அனுப்பியிருப்பனே! சார், இவருதான் எங்க ஹவில்தார். ஒரிஜினல்!" கூட வந்த பருத்த மனிதரைக் காட்டினான். "இவரு அன்பரசு. பண்ருட்டி கிளைய எடுக்கறாரு."

"பண்ருட்டியில நம்ம பெரியப்பா மவன் தானடா?"

"அவுங்ககிட்ட இடம் இல்ல மாமா. இவருகிட்ட ரோட்டு மேலயே இடம் இருக்கு."

அன்பரசு செம்பியனின் தோளில் கையைப் போட்டு, போனை உயர்த்திப் படம் எடுத்தார். அவர் வாயிலிருந்து பிரியாணி வாடை அடித்தது. செம்பியன் அந்தக் கையை விலக்கினார்.

கதிரவனைத் தனியாக இழுத்துக்கொண்டு போய்க் கேட்டார். "கொளஞ்சி பேர எதுக்குடா போட்ட?"

"ஒரு மரியாதைக்குத்தான் மாமா. ஒரு எமோஷன் வேணும்ல? பசங்க அந்தப் படத்துக்கு முன்னாடி நின்னு சல்யூட் அடிச்சு ரீல்ஸ் போடறாங்க. நம்ம டாப் ஐட்டமே அதான்."

"கெட்டுப்போன கறிக்கு அவன் பேரா?"

"ஓட்டல்னா அப்படி இப்படி இருக்கறதுதான். எல்லாரும் செய்யறதுதான மாமா? இவுங்க யாரும் ருசிக்கு வரல, உங்க மீசைக்கு வராங்க." கதிரவன் சிரித்தான். "அடுத்த மாசம் பண்ருட்டி கடைக்கு யூனிஃபார்ம் போட்டுட்டு வந்துடுங்க."

செம்பியன் அவன் முகத்தையே பார்த்தார். அடித்துவிடலாம் என்று கை வந்தது. பெண்டாட்டியின் தம்பி, ஊர் பார்க்கிறது, கடை நிறைய சனம். அவர் திரும்பி நடந்தார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து சட்டையை முகர்ந்தார். அந்த இனிப்பு வாடை அதில் ஏறியிருந்தது. வெள்ளாற்றுக் காற்று அத்தனை அடித்தும் போகவில்லை.

வீட்டுக்கு வந்து குளித்தார், மறுபடி குளித்தார். பிறகு இசைவாணியிடம் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அம்மா போன பிறகு அவள் தூக்கி வளர்த்த தம்பி அவன். "சின்னப் பையன், புத்தி கெட்டுப்போச்சு. நான் பேசறேன்" என்றாள். பொடி டப்பா சீல் உடைக்காமல் இருந்தது என்றபோதுதான் அவள் முகம் மாறியது. இருவரும் அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் கடைத் திறப்பு வேளையில், தோளில் பையோடு ஒரு பெண் வந்து நின்றாள். கொளஞ்சியின் மனைவி இளவரசி. திட்டக்குடி பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துச் சத்துணவு மையத்தில் அமைப்பாளராக இருக்கிறாள். வருஷத்துக்கு ஒருமுறை, கொளஞ்சியின் நினைவு நாளில், செம்பியன்தான் அவள் வீட்டுக்குப் போவார். அவள் இங்கே வந்ததில்லை.

உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. போனை எடுத்து நீட்டினாள். அந்த எரிகிற எழுத்து அதில் தெரிந்தது.

"எங்க டீச்சரு அனுப்புனாங்க. ஏதோ வாழ்த்துன்னு நெனச்சித் தொறந்தேன். அண்ணே, இது உங்களுக்குத் தெரியுமா?"

"நேத்துதாம்மா பாத்தேன்."

"நேத்து பாத்தீங்களா?"

"ம்."

"பாத்துட்டு அப்படியே வந்துட்டீங்களா?"

நேற்றிலிருந்து கதிரவன்மேல் இருந்த அருவருப்பு முழுக்க அந்த ஒரு கேள்வியில் அவர்மேலேயே வந்து அப்பிக்கொண்டது. ஊர் பார்க்கிறது என்று வந்துவிட்டார். அங்கே அவர் பயந்தது எதற்கு? சாப்பிட்டுக்கொண்டிருந்த சனத்துக்கா?

அடுப்படியிலிருந்து இசைவாணி வெளியே வந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு அடுப்பை அணைத்தாள். "கடைய மூடுங்க. மூணு பேரும் போவோம்" என்றாள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மதியக் கூட்டம் நெரித்தது. பல்கலைக்கழகத்து மாணவர்கள், கோயிலுக்கு வந்துவிட்டு நடராஜரைப் பார்த்த கையோடு சைவம் தேடி ஏமாந்து வெளியேறுகிற குடும்பங்கள், டெலிவரி ஆட்கள். இளவரசி படத்துக்கு நேர் கீழே இருந்த மேஜையில் போய் உட்கார்ந்தாள். சர்வர் வந்தான்.

"என்னா வேணும்கா?"

அவள் சுவரைக் காட்டினாள். "அது."

"ஃபுல்லா, ஹாஃபா?"

அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சர்வர் உள்ளே திரும்பி, "ஒரு கொளஞ்சி!" என்று கத்திவிட்டுப் போனான்.

தட்டு வந்தது. செக்கச்சிவந்த சோறு, மேலே ஒரு கோழிக்கால், ஓரத்தில் குச்சியில் செருகிய குட்டித் தேசியக்கொடி. கொடியின் அடிப்பக்கம் எண்ணெயில் ஊறியிருந்தது. இளவரசி தட்டைத் தன் பக்கம் இழுத்து வெகுநேரம் பார்த்தாள்.

"இதான் அவரா?" என்றாள், யாரையும் பார்க்காமல்.

அதற்குள் கதிரவன் வந்துவிட்டான். யாரென்று அக்கா சொன்னதும் அவன் முகத்தில் பயம் வரும் என்று செம்பியன் எதிர்பார்த்தார். வந்தது சந்தோஷம்.

"அக்கா! நீங்களே வந்துட்டீங்களா! மாமா, இது தெரியாமப் போச்சே. பண்ருட்டி கடைய அக்கா கையாலயே தொறக்கலாம். தியாகியோட மனைவி ரிப்பன் வெட்டறாங்க. எப்படி இருக்கும்! வருஷா வருஷம் அவுங்களுக்கு ஒரு பட்டுப்பொடவ..."

பேசிக்கொண்டே, போனை எடுத்து அவளைப் படம்பிடிக்கத் தூக்கினான். இசைவாணி அந்தக் கையைத் தட்டிவிட்டாள். போன் தரையில் விழுந்து தெறித்தது.

செம்பியன் நாற்காலியின்மேல் ஏறினார். முழங்கால் சுளீரென்றது. சீரியல் பல்பைப் பிய்த்தார். படத்தைக் கழற்றி இளவரசியிடம் கொடுத்தார். எரிகிற எழுத்துப் பலகையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். சுவரின் காரையோடு அது பெயர்ந்து வந்தது. அவர் உள்ளே போய் அந்தக் கறுத்த எண்ணெயைச் சட்டியோடு துணியால் பிடித்துத் தூக்கிவந்து கல்லா மேஜையில் வைத்தார். ஃப்ரீசர் பைகளை எடுத்துவந்து அதன் பக்கத்தில் குவித்தார்.

"நாந்தான் ஹவில்தார். நீங்க தின்னுக்கிட்டு இருக்கறது இது. நல்லாப் பாத்துக்குங்க."

சிலர் எழுந்தார்கள். ஒரு பெண் தன் குழந்தையின் வாயிலிருந்ததைத் துப்பச் சொன்னாள். மீதிப்பேர் போனை எடுத்துப் படம்பிடித்தார்கள். படம்பிடித்துக்கொண்டே ஒருவன் இடது கையால் தட்டைக் கீழே விடாமல் பிடித்திருந்ததைச் செம்பியன் பார்த்தார். எண்ணெய்ச் சட்டியைவிட அந்தக் கைதான் அவருக்கு அதிக அருவருப்பாக இருந்தது.

"எம் பேர எடுத்துடு. எம் மூஞ்சியையும் எடுத்துடு" என்றார் கதிரவனிடம்.

உடைந்த போனைத் துடைத்துக்கொண்டிருந்த கதிரவன் முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினான். "மூஞ்சி வேணா உங்களுது மாமா. பேரு எம் பேருலதான் ரெஜிஸ்டர் ஆயிருக்கு. ஹவில்தார் மெஸ்ஸுன்னு நீங்கதான் இனிமே போட்டுக்கக் கூடாது."

இசைவாணி தம்பியை நிமிர்ந்து பார்த்தாள். "எப்படா பண்ண?"

"மாமாவுக்கு ஆபரேஷன் ஆனப்ப."

அவள் உள்ளே நடந்தாள். அலமாரிக்குப் போய்த் தன் பொடி டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, இளவரசியின் கையைப் பிடித்து வெளியே அழைத்துப் போனாள்.

செம்பியன் புகார் கொடுத்தார். அதிகாரிகள் வந்தார்கள், சீல் வைத்தார்கள், கொஞ்ச நாளில் சீல் எடுக்கப்பட்டது. அவர் எண்ணெய்ச் சட்டியோடு நின்ற வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. 'ஹவில்தார் கோபப்பட்ட கடை' என்று தேடிப்பிடித்துச் சாப்பிட வந்தார்கள். கதிரவன் ஃபிளெக்ஸில் முகத்தை மாற்றினான். ஆனால் அதே மீசை வரைந்த, யாருடையதுமில்லாத ஒரு முகம். ஐட்டத்தின் பெயரையும் மாற்றினான். இப்போது வெறும் 'தியாகி ஸ்பெஷல்'. கொளஞ்சியின் பெயர் போனதோடு இளவரசி வழக்கு வேண்டாம் என்றுவிட்டாள். "அதுக்குமேல அந்த ஆள் மூஞ்சில முழிக்க எனக்குத் தெம்பு இல்லண்ணே" என்றாள்.

மஞ்சக்குப்பத்துப் பலகையைச் செம்பியனே இறக்கினார். கடை பெயரில்லாமல் நடந்தது. கிளை என்ற பேச்சை யாராவது எடுத்தால் அவர் எழுந்து உள்ளே போய்விடுவார்.

தை மாதத்தில் கதிரவன் மகளுக்குக் காதுகுத்து. திருவதிகைக் கோயிலில் மொட்டையடித்து, பண்ருட்டியில் மண்டபம் பிடித்து விருந்து. தட்டோடு வந்து அக்கா காலில் விழுந்தான். போக வேண்டாம் என்றார் செம்பியன். "புள்ள என்னா பண்ணுச்சு? அத்தைன்னு நான் ஒருத்திதான். சீரு செஞ்சிட்டு வந்துடுவோம்" என்றாள் இசைவாணி. அவள் முகத்துக்காக அவர் கிளம்பினார்.

சீர் வைத்தார்கள். குழந்தைக்குத் தோடு போட்டார்கள். பந்தியில் உட்காராமல் போனால் தப்பாகிவிடும் என்று பெரியவர்கள் பிடித்து உட்காரவைத்தார்கள். எதிர்வரிசையில், இப்போது பண்ருட்டிக் கிளையின் முதலாளியான அன்பரசு கையாட்டினார். விருந்து அவர் கடையிலிருந்து வந்ததாம். இலையில் செக்கச்சிவந்த சோறு விழுந்தது.

செம்பியன் கையை மடியில் வைத்துக்கொண்டார். பக்கத்தில் இசைவாணி, சொந்தம் முழுக்கத் தன்னையே பார்க்கிறது என்று தெரிந்து, ஒரு வாய் அள்ளிப் போட்டாள். மென்றாள். மெல்லுவது நின்றது. அவள் கண்கள் நிறைந்தன. விழுங்கிவிடுவாள் என்றுதான் அவர் நினைத்தார்.

அவள் அதை இலையில் துப்பினாள். எல்லோரும் பார்க்க, நாக்கை வழித்துத் துப்பினாள்.

"அக்கா!" கதிரவன் ஓடிவந்தான். "எல்லாரும் பாக்கறாங்கக்கா!"

"பாக்கட்டும்" என்றாள் அவள். "உன்னத் தூக்கி வளத்த கையிடா இது. இந்தக் கையால இத எனக்கு ஊட்டிக்க முடியல."

இலையைக்கூட மூடாமல் எழுந்தாள். அவள் பின்னால் செம்பியனும் எழுந்தார். கை கழுவுகிற இடத்தில் அவள் குனிந்து வாய் கொப்பளித்துக்கொண்டே இருந்தாள். அவர் குழாயைத் திறந்து பிடித்துக்கொண்டு, அவள் முதுகைத் தடவியபடி நின்றார். உள்ளே இரண்டாம் பந்திக்கு ஆட்கள் முண்டியடித்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது.